கடைசி வண்டி வந்து சேரும் வரை

நமது இதழில் காசி யாத்திரை, பத்ரிநாத் யாத்திரை, அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் என்று பல பயணக் கட்டுரைகள் வந்துவிட்டன. சைக்கிள் யாத்திரை பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே துணிந்து எழுதுகிறேன். சைக்கிள் மிதித்தவன் நானல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிதித்தவன் என் தங்கை மகன். நான் ரயிலிலும் பஸ்ஸிலும் போய், மலை மேல் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தவன். ஆனாலும் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த நாள் முதல் ரயில் பாதையின் ஏற்ற இறக்கங்களை அளந்தே காலம் கழித்தவன் என்பதால், சொல்வதற்குச் சில விஷயங்கள் உண்டு.

'டூர் ஆஃப் நீலகிரீஸ்' என்ற பெயரை அன்பர்கள் சிலர் பத்திரிகைகளில் பார்த்திருக்கலாம். 2008 டிசம்பரில் பெங்களூரைச் சேர்ந்த சைக்கிள் ஆர்வலர்கள் தொடங்கிய கூட்டுப் பயணம் அது. 'ரைட் எ சைக்கிள் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு நடத்துகிறது. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றையும் தொட்டுக்கொண்டு, ஏழெட்டு நாட்களில் எண்ணூறு தொள்ளாயிரம் கிலோமீட்டர் போவார்கள். வழி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மைசூர், குடகு, வயநாடு, உதகை என்று மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுற்றியே இருக்கும். இது பந்தயமல்ல. நடுவில் சில துண்டுகளில் மட்டும் நேரம் குறிப்பார்கள், ஆசையுள்ளவர்கள் அங்கே பாய்ந்து கொள்ளலாம். மற்றவர்களுக்குக் குறி ஒன்றுதான்: அன்றைய தூரத்தை அன்றே முடிப்பது. பெட்டி படுக்கைகள் தனி வண்டியில் வரும். வழியில் தண்ணீரும் வாழைப்பழமும் கிடைக்கும். சைக்கிள் பழுது பார்ப்பவர் உண்டு, மருத்துவ உதவி உண்டு. எல்லோருக்கும் பின்னால் ஒரு வண்டி வரும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்வது அதன் வேலை.

என் மருமானுக்கு அப்போது வயது 47. ஸ்ரீவராகம் குளக்கரையில் ஓடியாடி வளர்ந்தவன். பிறகு நாற்காலி வேலை, நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவன் சைக்கிள் வாங்கினான். முதலில் கோட்டையைச் சுற்றி வந்தான், பிறகு வர்க்கலை வரை போனான், அப்புறம் பொன்முடி. என் தங்கைக்கு இதெல்லாம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நீலகிரிக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்ததும் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அண்ணா, நீங்க சொன்னா கேப்பான். வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மலை எப்படிப்பட்டது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன். அது அவளுக்கு மேலும் கோபத்தை உண்டாக்கியது.

அந்தக் கணக்கை அன்பர்களுக்கும் சொல்கிறேன். பயணத்தில் எல்லோரும் பயப்படுவது கல்ஹட்டி ஏற்றத்தைத்தான். மசினகுடியிலிருந்து சீகூர் வழியாக உதகைக்கு ஏறும் குறுக்குச் சாலை அது. 36 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர், மேலே தலைகுந்தா 2,200 மீட்டர் வாக்கில். ஆக 1,200 மீட்டரை ஒரே மூச்சில் ஏற வேண்டும். பல இடங்களில் பத்தடிக்கு ஓரடிக்கும் மேலான ஏற்றம்.

பத்துக்கு ஒன்று என்பது எப்பேர்ப்பட்ட ஏற்றம் என்று ரயில்காரர்களுக்குத்தான் சட்டென்று உறைக்கும். சமவெளிப் பாதையில் நூறுக்கு ஒன்று என்றாலே எஞ்சின் டிரைவர் முகத்தைச் சுளிப்பார். பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே உள்ள போர் கணவாய் முப்பத்தேழுக்கு ஒன்று. அங்கே வண்டியின் பின்னால் வேறு எஞ்சின்கள் நின்று தள்ள வேண்டும். நமது புனலூர் - செங்கோட்டை பாதையிலும் மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே இந்தப் பின் எஞ்சின் உண்டு. அதற்குப் பேங்கர் என்று பெயர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில் இன்னும் கடினம், பன்னிரண்டரைக்கு ஒன்று. அங்கே இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும் என்பதால், கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் போட்டு, எஞ்சினிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் உதகை வரையும் வந்த பாதை அது. 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அந்தப் பல் ரயில் ஏறுவதை விடச் செங்குத்தான சாலையில், பல்லும் இல்லாமல் பேங்கரும் இல்லாமல், இரண்டு ரப்பர் டயர்களை நம்பி மனிதன் ஏறுகிறான். ரப்பருக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பு, இரும்புக்கும் இரும்புக்கும் உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு. எனவே வழுக்குவது பிரச்சினையல்ல. சக்திதான் பிரச்சினை.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 1,200 மீட்டர் உயர்த்தச் சரியாகப் பத்து லட்சம் ஜூல் வேண்டும். உடம்பு தான் எரிப்பதில் கால் பங்கைக்கூட முழுதாக வேலையாக்காது. மீதி வெப்பமாகப் போய்விடும். கணக்குப் பார்த்தால் இந்த ஒரு ஏற்றத்துக்கு ஆயிரம் கலோரி, அதாவது சுமார் இருபது இட்லி. (எங்கள் வீட்டு இட்லி அளவில் சொல்கிறேன்.) பயிற்சியுள்ள சாதாரண மனிதன் நீண்ட நேரம் நிலையாகக் கொடுக்கக்கூடிய சக்தி நூறு முதல் நூற்றைம்பது வாட் வரை. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் அது மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் போதும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று மிக எளிய கியரைப் போட்டால், ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர். ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு நாற்பது மிதிதான் வரும். அத்தனை மெதுவாக அழுத்தி மிதித்தால் முழங்கால் கெஞ்சும். சரி, இன்னும் மெதுவாகப் போகலாமே என்றால், நாலு கிலோமீட்டருக்குக் கீழே சைக்கிள் நிமிர்ந்து நிற்காது, ஆடத் தொடங்கும். ஆக வேகமாகப் போகச் சக்தியில்லை, மெதுவாகப் போகச் சமநிலையில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு மெல்லிய இடுக்கில் இரண்டரை மணி நேரம் மிதிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. என் கணக்கில் முக்கியமான வரி அதுதான் என்பது என் அபிப்பிராயம். சமவெளியில் சைக்கிள்காரனுக்கு எதிரி காற்று. ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கிப் போனால் பின்னால் வருபவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். முறை மாற்றி முன்னால் போய்க்கொண்டால் கூட்டமே ஒரு ரயில் வண்டி மாதிரி ஓடும். மலையில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. புவியீர்ப்பு ஒன்றுதான் எதிரி. யார் பின்னால் போனாலும் அதில் ஒரு வாட் கூட மிச்சமாகாது. நூறு பேர் சேர்ந்து வந்தாலும் மலையில் ஒவ்வொருவனும் தனியாகத்தான் ஏற வேண்டும். அப்படியானால் கூட்டமாகப் போவதன் பொருள் என்ன? இந்தக் கேள்வியோடுதான் நான் கிளம்பினேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலிலேயே போனேன். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பழைய பழக்கத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் நின்ற பிரேக்காரர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கையில் கொடி, பக்கத்தில் பிரேக் சக்கரம். ஏறும் வண்டிக்கு எதற்கு இத்தனை பிரேக்காரர்கள் என்று எதிரே இருந்த ஒரு பையன் கேட்டான். ஏறுவது எஞ்சினின் பாடு, இறங்குவதுதான் மனிதனின் பாடு என்றேன். சைக்கிளுக்கும் அதேதான். ஏறும்போது சேர்த்த பத்து லட்சம் ஜூலும் இறங்கும்போது பிரேக்கில் வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையிலேயே பலமாகப் பிடித்து, பிறகு விட்டு, ஆற விட வேண்டும். மருமானுக்கு நான் சொல்லி அனுப்பிய புத்திமதி இது ஒன்றுதான். அவனுக்கு அது முன்பே தெரியும் என்றாலும் "சரி மாமா" என்று கேட்டுக்கொண்டான்.

கல்ஹட்டி சாலையும் கூடலூர் சாலையும் சேருமிடம் தலைகுந்தா. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் இடம். அங்கே ஒரு டீக்கடை ஓரமாக நான் நின்றேன். முதலில் வந்தவர்கள் இளைஞர்கள். வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே சற்று அவமானமாக இருந்தது, மலை ரயிலை விட வேகம். பிறகு கொத்துக் கொத்தாக வந்தார்கள். பெண்கள் பலர், நரைத்த தலைகள் சில, வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர். வந்தவர்களில் பலர் போய்விடவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த வழியையே பார்த்தபடி நின்றார்கள். வளைவில் ஒரு தலை தெரிந்தால் கை தட்டினார்கள். என் மருமானைக் காணோம். ஒரு மணி நேரம் போயிற்று. தங்கையிடமிருந்து மூன்று முறை டெலிபோன். நான் எடுக்கவில்லை, எடுத்து என்ன சொல்வது?

காத்திருந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் எல்.வி. போர்டு. ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறம் ஒரு சிறிய பலகை தொங்கும்; 'எல்.வி.' என்று எழுதியிருக்கும். கடைசி வாகனம் என்று பொருள். இரவில் சிவப்பு விளக்கு. வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே நின்று அதைப் பார்க்க வேண்டும். எஞ்சின் வந்துவிட்டது, பெட்டிகள் வந்துவிட்டன என்பது போதாது. நடுவில் இணைப்பு அறுந்து நாலு வாகன் பின்னாலேயே நின்றிருக்கலாம். கடைசிப் பலகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 'வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது'. பின்புற ஸ்டேஷனுக்கு அடுத்த வண்டியை விட அனுமதி அதற்கப்புறம்தான். இப்போது பல இடங்களில் அச்சுகளை எண்ணும் கருவி இதைச் செய்துவிடுகிறது. விதி மாறவில்லை, பார்க்கும் கண் மாறியிருக்கிறது.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பிரான்சு நாட்டில் 1903 முதல் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயம், 'டூர் டி பிரான்ஸ்'. அதில் கடைசியாக வருபவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'லாந்தெர்ன் ரூஜ்', அதாவது சிவப்பு லாந்தர். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் அதே சிவப்பு லாந்தரிலிருந்து வந்த பெயர்தான். கேலி என்று நினைக்க வேண்டாம்; அந்தப் பந்தயத்தில் முடிக்காமல் விலகுகிறவர்கள் எத்தனையோ பேர், கடைசி ஆளாக வந்து முடிப்பவனுக்கு ஜனங்களிடையே தனி மதிப்பு. 1910-ல் முதன்முதலாகப் பிரனீஸ் மலைகளின் உயர்ந்த கணவாய்களுக்கு அந்தப் பந்தயத்தைக் கொண்டுபோனார்கள். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாய் அப்போது வெறும் கரடுமுரடான தடம். கியர் மாற்றும் வசதியும் கிடையாது. பின்தங்குபவர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்கென்று பின்னால் ஒரு வண்டியை விட்டதும் அதே 1910-ல்தான். துடைப்ப வண்டி என்று பெயர் வைத்தார்கள். மலை வந்ததும் துடைப்பமும் வந்துவிட்டது.

மருமான் என்ன ஆனான் என்பதை அவன் சொல்லிப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். இருபத்தெட்டாவது வளைவில் கை நடுங்கியிருக்கிறது. குளிரில் வியர்த்திருக்கிறது. களைப்புக்கும் இதற்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரியும். இறங்கி, ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்த கருவியில் விரலைக் குத்திப் பார்த்தான்: 62. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்துக்கு அறிகுறி. டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி பதினைந்து கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம் ஓய்வு, மறுபடி சோதனை. 78. இன்னும் கொஞ்சம் கடலை மிட்டாய் தின்றான். இதற்குள் கடைசி வண்டி வந்துவிட்டது. ஏறச் சொன்னார்கள். மேலே எட்டு வளைவு, நாலு கிலோமீட்டர் போலப் பாக்கி. ஒரு வாலிபனாக இருந்தால் இன்னும் கால் மணி உட்கார்ந்துவிட்டு மிதித்திருப்பான். இவன் ஏறிவிட்டான். டாக்டரிடம் கொடுத்த வாக்கு அது: எண் குறைந்தால் அன்றைக்கு மிதிப்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில மாத்திரைகளும் இன்சுலினும் நீண்ட உழைப்பின்போது சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். அது மலைக்கு மட்டுமல்ல, சபரிமலை ஏறும்போதும் பத்மநாபசுவாமி கோயில் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும்போதும் வரக்கூடியதுதான்.

வண்டி அவனை ஏற்றிக்கொண்டு விர்ரென்று மேலே வந்துவிடவில்லை. வர முடியாது. அதற்கு முன்னால் இன்னும் ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. கடைசி வண்டி எப்போதும் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஆகவே அந்த எட்டு வளைவும் வண்டி அவருக்குப் பின்னால் ஊர்ந்தே வந்தது. அவருடைய சைக்கிளின் பின்புறம் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததாம். முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் மாமா என்றான்.

நான் பார்த்தது மேலே நடந்தது. கடைசி வளைவில் அந்தப் பெண்மணியின் தலை தெரிந்ததும், குளிரில் ஒரு மணி நேரம் நின்றிருந்த கூட்டம் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். முதலில் வந்த இளைஞனுக்குக் கூட அத்தனை கைதட்டல் கிடையாது. அவன் வரும்போது கை தட்ட ஆளே இல்லையே. பின்னால் வந்த வண்டியிலிருந்து மருமான் இறங்கினான். யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் டீயைக் கையில் கொடுத்தார். ஒருவர் அவன் சைக்கிளை வண்டிக் கூரையிலிருந்து இறக்கினார். அதற்குப் பிறகு ஒருவர் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். "வந்தாச்சு" என்றார்கள். பிறகுதான் கூட்டம் கலைந்து உதகைப் பக்கம் நகர்ந்தது. நான் அப்போதுதான் தங்கைக்கு டெலிபோன் செய்தேன்.

மீதி நாட்களின் தூரத்தை அவன் முழுதாக மிதித்தான். நிறைவு நாளில் எல்லோருடனும் நின்று படம் எடுத்துக்கொண்டான். அந்தப் படம் இப்போது என் தங்கை வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம், "என் மகன் நீலகிரி முழுவதும் சைக்கிளில் சுற்றி வந்தான்" என்கிறாள். வேண்டாம் என்று அழுதவள் அவள்தான்! அவன் பக்கத்தில் இருந்தால் உடனே, "நாலு கிலோமீட்டர் பாக்கி அம்மா" என்பான். அவளுக்குக் கோபம் வரும். தொள்ளாயிரத்தில் நாலு ஒரு கணக்கா என்று என்னிடம் நியாயம் கேட்டாள்.

ரயில்காரனிடம் கேட்டால் ரயில்காரப் பதில்தான் கிடைக்கும். ஒரு வாகன் பின்னால் நின்றுவிட்டால் மற்ற நாற்பது வாகன் வந்ததைச் சொல்லி 'முழுமையாக வந்தது' என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட முடியாது. அவன் கணக்கில் நாலு கிலோமீட்டர் பாக்கிதான். ஆனால் அன்று தலைகுந்தாவில் நின்ற கூட்டத்தின் கணக்கு வேறு. அவர்கள் கிலோமீட்டரை எண்ணவில்லை, ஆட்களை எண்ணினார்கள். அந்தக் கணக்கில் வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது, நானே சாட்சி. இரண்டு ரிஜிஸ்டரும் வேறு வேறு. ஒன்றில் எழுத வேண்டியதை மற்றதில் எழுதக்கூடாது. இதைச் சொன்னதும் தங்கை, "உங்களிடம் கேட்டேன் பாருங்கள்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நமக்குப் பக்கத்திலேயே பொன்முடி இருக்கிறது. 22 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் 1,100 மீட்டர் வாக்கில். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. மருமானும் நண்பர்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்ரீவராகத்திலிருந்து கிளம்புகிறார்கள். சங்க அன்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது ஆசையிருந்தால் சேர்ந்துகொள்ளலாம். ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, இரண்டு தண்ணீர் பாட்டில், மாற்று டியூப் அவசியம். சர்க்கரைக்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். பழைய அம்பாசடர் கார் ஒன்று பின்னால் வரும். ஓட்டுவது நான்.

அந்த எட்டு வளைவுகளுக்காக மறுபடி ஒரு முறை கல்ஹட்டி போக வேண்டும் என்கிறான். தேதி கூடப் பார்த்துவிட்டான். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த இதழ் அவள் வீட்டுக்கும் வருகிறது என்பதால் இந்நேரம் தெரிந்திருக்கும்.